திருப்பி வைத்த படம்

பக்கம் வடிவமைக்கிறவர்கள் புத்தகத்தை வாசிப்பதில்லை. இது அவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத விஷயம். அவர்கள் கண்ணுக்கு எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். படம் என்பது அந்தக் கட்டத்தில் திறந்த ஜன்னல். கட்டம் எங்கே கனத்திருக்கிறது, ஜன்னல் எங்கே வந்தால் பக்கம் மூச்சு விடும் என்று பார்ப்பார்களே தவிர, அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

அவளும் அப்படித்தான். அது ஒரு சின்னப் பதிப்பகம். உடல்நலம், உணவு, உடற்பயிற்சி, விளையாட்டு அறிவியல் என்று எல்லோருக்கும் புரிகிற நடையில் புத்தகம் போடுவார்கள். தூக்கம், சர்க்கரை, முதுகுவலி, ஓட்டம் என்று அத்தனை புத்தகத்தையும் அவள்தான் பக்கமாகக் கட்டினாள். முழங்காலைப் பற்றிய புத்தகத்தை முடித்த அன்று எடிட்டர், "எப்படிம்மா இருக்கு முழங்கால்?" என்று கேட்டதற்கு, "இடது ஓரம் கொஞ்சம் நெருக்கமா இருக்கு சார்" என்றாள். அந்தக் கதை அலுவலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி, முடிதிருத்துகிறவர். அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். சின்ன வயதில் தட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்த பிறகுதான் சாப்பிட வாயைத் திறப்பாளாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய சலூன். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பேச்சு மட்டும் நாலு கடைக்குப் போதும்.

ஒரு நாள் அவர் தரையில் வழுக்கி விழுந்தார். வெட்டின முடியைக் கூட்டித் தள்ளுவதற்குள் அதன்மேலேயே கால் வைத்துவிட்டார். கீழே ஊன்றிய வலது கை மணிக்கட்டில் உடைந்தது.

"எத்தனை வருஷமா இந்த முடியை வெட்டிக் கீழ தள்ளிட்டிருந்தேன். எல்லாம் ஒண்ணு சேர்ந்து பழி வாங்கிடுச்சு" என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடியே சொன்னார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். ஆனால் கட்டுக்குள் கிடக்கும் கை பலம் இழக்கும். கத்தரிக்கோலைப் பழையபடி பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாமாவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அது இருப்பது அந்த ஒரு கையில்தான். சலூன் மூடிக் கிடந்தது. அதே தெருவில் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யுமாக ஒரு புதுக் கடை திறந்திருந்தது. மாமாவின் பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை அத்தை காய்கறி வாங்கப் போகும்போது பார்த்தாள். வீட்டில் வந்து சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காயத்திலிருந்து மீள்வது பற்றிய புத்தகம். அவள் கட்டியவற்றிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது. பிடித்தது என்றால் பக்கங்கள் பிடித்தன. கைக்கான அத்தியாயத்தைத் திறந்து, "இதுல இருக்கிறபடி செய்யுங்க மாமா. எல்லாம் டாக்டர்ங்க பார்த்தது" என்றாள்.

"நீ படிச்சியா?"

"நான்தான் மாமா பண்ணேன்."

"அதைக் கேட்கலை. படிச்சியான்னு கேட்டேன்."

அவள் புத்தகத்தை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தாள். அதுதான் பதில்.

*

புத்தகம் நன்றாக விற்றது. மறுபதிப்புக்கு முன்னால் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிடும்படி எடிட்டர் சொன்னார். மாமா கேட்ட கேள்வி அவளுக்குள் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. இந்த முறை வாசித்தே பார்ப்போம் என்று முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று.

எலும்பு கல் மாதிரி கிடப்பதில்லையாம். ஒரு பக்கம் இடித்துக்கொண்டும் இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டும் ஓயாமல் வேலை நடக்கிற இடமாம். உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அது மெத்தென்ற பாலமாகி, அந்தப் பாலம் இறுகி எலும்பாகிறதாம். மேஸ்திரி யாரும் நின்று மேற்பார்வை பார்ப்பதில்லை. உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் ஒருவருக்குப் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பெருத்ததால் அல்லவாம். இருக்கிற தசையை எப்படிக் கூப்பிடுவது என்று மூளை கற்றுக்கொள்வதால்தானாம். அந்த வரியை அவள் இரண்டு முறை வாசித்தாள். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவும் இந்தச் சாம்பல் கட்டத்துக்குள்ளேயா இருந்தது? வருடக்கணக்காகப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் பெரிய மகான் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கைக்கான அத்தியாயத்துக்கு வந்தாள். 'வலது கையில் கட்டுப் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கியது. 'கட்டுக்கு வெளியே தெரியும் வலது கை விரல்களை, படத்தில் உள்ளபடி, மெத்தென்ற பஞ்சுப் பந்தின்மேல் மெல்ல மடக்கி விரியுங்கள். விரல்கள் இறுகிப்போகாமல் இருக்க இது அவசியம்.'

படத்தைப் பார்த்தாள். பந்தும் கையுமாக ஒரு மனிதர். விரல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஓவியர் கட்டு இல்லாமல் வெறுங்கையாகவே வரைந்திருந்தார். பந்தைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் இருந்த பக்கம் என்னவோ போல் இருந்தது. தன் வலது கையைத் திரைக்கு முன்னால் நீட்டி, படத்தில் இருப்பதுபோல மடக்கினாள். பொருந்தவில்லை. இடது கையை நீட்டினாள். அச்சாகப் பொருந்தியது.

மறுபடியும் வலது கையை நீட்டிப் பார்த்தாள்.

என்ன நடந்தது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. படத்தில் இருக்கும் உருவம் எப்போதும் பக்கத்துக்குள்ளே பார்க்க வேண்டும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். உருவம் வெளியே பார்த்தால் வாசிக்கிறவர் கண்ணும் அதோடு வெளியே போய்விடும் என்பார்கள். ஓவியர் வரைந்து அனுப்பிய மனிதர் பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரே ஒரு சொடுக்கில் அவரைத் திருப்பி உள்ளே பார்க்க வைத்தாள். மனிதர் திரும்பினார், கூடவே அவருடைய வலது கை இடது கையாயிற்று. பக்கம் அழகாக இருக்கிறது என்று எடிட்டர்கூடப் பாராட்டினார். எழுத்தை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். வாசிக்கவில்லை.

மாமா பத்திரிகை வாசிக்கும்போதே படத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

*

மாலையில் நேராக மாமா வீட்டுக்குப் போனாள். அத்தை கதவைத் திறந்தாள்.

"வாம்மா. உள்ள பயில்வான் பயிற்சியில இருக்காரு. தொந்தரவு பண்ணாதே, கோப்பை கைநழுவிடும்."

மாமா ஜன்னலோரம் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட வலது கை தலையணைமேல் கிடந்தது. இடது கையில் பந்து. பஞ்சுப் பந்து அல்ல, கெட்டி ரப்பர் பந்து. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நசுக்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. காதோரம் வியர்வை இறங்கியது.

"பஞ்செல்லாம் நமக்கு எந்த மூலைக்கு, ஸ்கேல்? மூணாம் நாளே ரப்பருக்கு மாறிட்டேன்" என்றார் பெருமையாக. "உன் புத்தகத்தை ஒரு நாள்கூட விட்டதில்லை. காலையிலயும் சாயங்காலமும்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கண் தலையணைமேல் இருந்த கையில் நிலைத்திருந்தது.

மாமா இடது கையால் பந்தை அழுத்தும்போதெல்லாம், கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்நுனிகள் லேசாக உள்ளே மடங்கின. விட்டதும் பழையபடி தளர்ந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தூக்கத்தில் பேசுகிறவர் உதடு அசைவது போல அந்த விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

"மாமா, வலது கை விரலை நீங்களா ஆட்டறீங்க?"

"எந்த விரலை?" குனிந்து பார்த்தார். பந்தை அழுத்தினார். விரல்கள் அசைந்தன. புருவத்தை உயர்த்தினார். "அட. இவன் உழைக்கிறதைப் பார்த்து அவனுக்கு வெட்கம் வந்திருக்கும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்தைத் திறந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமா கடைசிவரை கேட்டார்.

"எழுத்துல வலதுன்னு போட்டிருக்கிறதைப் பார்த்தேன்" என்றார். "படத்துல இடது இருந்தது. வலது கையோ கட்டுக்குள்ள. உடைஞ்ச கையை யாராவது பயிற்சி செய்யச் சொல்வாங்களா, எழுத்துலதான் தப்பு விட்டிருக்காங்க, உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். படத்தை நம்பினேன். நீ பண்ண பக்கமாச்சே."

கடைசி வரிதான் அவளை அறைந்தது.

"அப்போ வலது விரலை ஆட்டவே இல்லையா? ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பாங்களே" என்றாள்.

"சொன்னாங்க. ஆட்டினா வலிச்சுது. புத்தகத்துலதான் வேற கை போட்டிருக்கேன்னு விட்டுட்டேன்."

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "ஆக, தொழில் செய்யற கை சும்மா கிடக்க, சீப்பு பிடிக்கிற கையைப் பயில்வான் ஆக்கியிருக்கீங்க. இனி வர்றவங்களுக்கெல்லாம் வெறும் சீவி விட்டு அனுப்புங்க."

மாமா சிரிக்க முயன்றார். பிறகு ரப்பர் பந்தை ஜன்னல் கட்டையில் வைத்தார். அது உருண்டு விழப் போனது. எடுத்து மறுபடி வைத்தார். "அப்போ இத்தனை நாள் நான் பண்ணதெல்லாம் வீணா, ஸ்கேல்?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

*

இரண்டே நாளில் கட்டைப் பிரித்தார்கள். வெளியே வந்த கையைப் பார்த்து அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளுத்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. எலும்பு கூடியிருந்தது. மணிக்கட்டு மட்டும் துருப்பிடித்த கீல் போல எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தது. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பிசியோதெரபிஸ்ட் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் இளம்பெண். முதல் சில தடவை மணிக்கட்டைச் சுடுநீரில் வைத்து வளைத்துப் பழக்கியதோடு சரி. விரல்களை ஆட்டாமல் விட்டதற்கு மாமாவை நன்றாகவே கடிந்துகொண்டாள். மாமாவும் விடவில்லை. "உங்க பின்கழுத்துல வெட்டு ஒரு பக்கம் ஏறி இருக்கு மேடம். யார் வெட்டினது? அந்தக் கண்ணாடிக் கதவுக் கடையா?" என்றார்.

"கை சரியாகட்டும், நீங்களே சரி பண்ணுங்க" என்றாள் அந்தப் பெண்.

பிடி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் நாளில் ஸ்கேலும் லீவு போட்டுக் கூடப் போனாள். மேசைமேல் இருந்த பேனாக்களை வரிசைப்படுத்தினாள். பிசியோதெரபிஸ்ட் ஒரு கருவியை எடுத்து வைத்தாள். கைப்பிடியும் வட்டமான முகமும் முள்ளுமாக, கடிகாரமும் இடுக்கியும் கலந்த மாதிரி இருந்தது.

"முதல்ல இடது."

மாமா அழுத்தினார். முள் துள்ளிப் போய் நின்றது. "அம்மாடி" என்றாள் பிசியோதெரபிஸ்ட். "உங்க வயசுல இப்படி நான் பார்த்ததில்லை. சரி, இப்போ வலது. வலி வந்தா அந்த இடத்துலயே நிறுத்திடுங்க. முள் நகரலைன்னாலும் மனசு விட்டுடாதீங்க. எல்லாருக்கும் முதல் தடவை அப்படித்தான்."

மாமா அந்த வெளுத்த விரல்களைக் கைப்பிடியைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்தார். ஸ்கேலின் கண்ணைத் தேடினார். அவள் கீழே பார்த்தாள். முள்ளைப் பார்க்கிற துணிச்சல் அவளுக்கு இல்லை.

மாமா மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அந்த மூச்சு வெளியே வந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

முள் ஏறியிருந்தது. இடது கை தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் வரவில்லைதான். ஆனால் மெலிந்து கிடந்த அந்தக் கையைப் பார்த்தால் யாரும் நம்பாத இடத்தில் போய் நின்றது. பிசியோதெரபிஸ்ட் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, "இன்னொரு தடவை" என்றாள். முள் மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது.

"வலிக்குதா?"

"இழுக்குது. வலியில்லை."

"கட்டுக்குள்ள இருக்கும்போது என்ன பண்ணீங்க? வலது கையை ஆட்டவே இல்லைன்னு சொன்னீங்களே."

"ஆட்டலை. இடது கையாலதான் பந்தை நசுக்கிட்டிருந்தேன். எங்க ஸ்கேல் படத்தைத் திருப்பி வச்சிருந்தா" என்றார் மாமா, யாரோ செய்த சாதனையைச் சொல்வது போல.

பிசியோதெரபிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தாள். முள்ளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இதைப் படிச்சிருக்கேன். ஒரு கைக்குக் கடுமையாப் பயிற்சி கொடுத்தா, சும்மா இருக்கிற இன்னொரு கைக்கும் கொஞ்சம் பலம் வரும். கட்டுப் போட்டிருந்தா பலம் போறது குறையும். ஆராய்ச்சி எல்லாம் பண்ணியிருக்காங்க. எதனாலன்னு இன்னும் முழுசா தெரியலை. மூளை ஒரு கைக்குக் கட்டளை போடும்போது, அதுல கொஞ்சம் மத்த கைக்கும் போகுதுன்னு நினைக்கிறாங்க. எல்லாருக்கும் இவ்வளவு நடக்கும்னு சொல்ல மாட்டேன். மணிக்கட்டு இறுகினதுக்கு இது மருந்தும் இல்லை. ஆனா என் கண் முன்னால முள் இப்படி ஏறி இப்போதான் பார்க்கிறேன்."

ஸ்கேல் அந்த விரல்நுனிகளைப் பற்றிச் சொன்னாள். மாமா பந்தை அழுத்தும்போதெல்லாம் அவை மடங்கியதைச் சொன்னாள்.

"உங்க கையைக் கொடுங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட். ஸ்கேலின் உள்ளங்கையில் மாமாவின் வலது கையை வைத்தாள். "சார், இந்தக் கையை அப்படியே விட்டுடுங்க. மறந்துடுங்க. இடது கையால கருவியை நசுக்குங்க, முழு பலத்தோட."

மாமா கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் அழுத்தினார்.

முதலில் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போன அதே கை, கனம் குறைந்து அவள் கையில் கிடந்தது. பிறகு அது இறுகியது. இறுகியது என்றுகூடச் சொல்ல முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு தூங்கும் குழந்தை கனவில் இறுக்குவது போல, அவ்வளவுதான். விட்டது. மாமா மறுபடி அழுத்தினார். மறுபடி அந்த இறுக்கம் வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், மூடிக் கிடந்த சலூனையும் புதுக் கண்ணாடிக் கதவையும் அறியாமல், இருட்டான கட்டுக்குள் இந்தக் கை இத்தனை நாளும் மற்ற கையோடு சேர்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் தன் மற்ற கையையும் அதன்மேல் வைத்தாள்.

"என்ன ஸ்கேல், அழுவுறியா?"

"இல்லை மாமா. நீங்க அழுத்துங்க."

*

மறுபதிப்பில் அவள் படத்தைப் பழையபடி திருப்பினாள். எடிட்டர் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆள் வெளியே பார்க்கிறாரேம்மா. பக்கம் ஒரு மாதிரி இருக்கே."

"பார்க்கட்டும் சார். கை சரியா இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "இந்த அத்தியாயத்துல மத்த கையைப் பத்தியும் ஒரு பத்தி சேர்க்கணும்னு எழுத்தாளர்கிட்ட கேட்கலாமா சார்? விரலையும் ஆட்டணும், முடிஞ்சா அந்தக் கையையும் உழைக்க விடணும்னு."

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். "நீ வாசிச்சியா?" என்றார்.

மாமாவின் சலூன் மறுபடி திறந்த அன்று பெஞ்சில் ஆள் இருந்தது. எல்லோரும் இல்லை, சிலர் கண்ணாடிக் கதவுக்கே பழகிவிட்டார்கள். முதல் வெட்டு யாருக்கு என்று பெஞ்சில் ஒரு சின்னப் போட்டி நடந்தது. மாமா அவர்களில் யாரையும் கூப்பிடவில்லை. "ஸ்கேல், நீ வந்து உட்காரு. கோணலா வந்தா உன்னாலதான், நேரா வந்தாலும் உன்னாலதான்" என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா வெள்ளைத் துணியைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாததால் அவர் நாற்காலியை அடிக்கடி திருப்பிக்கொண்டார். முன்னைவிட நிதானமாக, நடுவில் நிறுத்தி விரல்களை உதறிக்கொண்டு வெட்டினார். ஆனால் கத்தரிக்கோல் பேசிய சத்தம் பழைய சத்தம்தான். கண்ணாடிக்குள் இரண்டு கைகளும் அவள் தலையைச் சுற்றி வந்தன. எது வலது, எது இடது என்று ஒரு கணம் அவளுக்குக் குழம்பியது. சீப்பு போன இடத்துக்குக் கத்தரிக்கோல் கேட்காமலே போய்ச் சேர்ந்தது.

துணிக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், அவள் தன் வலது கையை இறுக மூடினாள். முழு பலத்தோடு மூடினாள். மடியில் சும்மா கிடந்த இடது கை என்ன செய்கிறது என்று காத்திருந்தாள்.

"தலையை ஆட்டாதே" என்றார் மாமா.

"ஆட்டலை மாமா."

"ஆட்டறே. என்ன பண்றே துணிக்குள்ள?"

அவள் வலது கையை மறுபடி மூடினாள். இடது கையின் சுண்டுவிரல் இப்போதுதான் அசைந்திருந்தது.